கொழுந்தும் கூலியும்: ஆகுபெயர் விளக்கம்

இலக்கணச் சொற்களுள் மாணவரை மிகுதியும் மயக்குவது ஆகுபெயர். ‘பனி திரைபோல் மூடியது’ என்றால், ‘போல்’ என்னும் உருபு உவமையைக் காட்டிக் கொடுக்கும். ‘பனித்திரை விலகியது’ என்றால், பனியும் திரையும் ஒன்றி நிற்றலால் உருவகம் என்பது புலனாகும். ஆகுபெயருக்கோ இத்தகைய வெளியடையாளம் யாதுமில்லை. அங்கே ஒரு பெயரே நிற்கும். அது குறிக்கும் பொருள் வேறாக இருக்கும். அவ்விரு பொருளுக்கும் இடையே ஓர் இயைபு இருத்தல் வேண்டும்; அவ்வாறு வழங்குதல் மரபாகவும் இருத்தல் வேண்டும்.

தொல்காப்பியர் உவமைக்குப் பொருளதிகாரத்தில் உவமவியல் என ஓரியலே வகுத்தார். ஆகுபெயரையோ சொல்லதிகாரத்து வேற்றுமை மயங்கியலில் வைத்தார். நன்னூலாரும் அதனைப் பெயரியலிலேயே கூறினார். இவ்வைப்பு முறை ஓர் உண்மையை உணர்த்துகின்றது. ஆகுபெயர் புலவன் புனையும் அணி மட்டுமன்று. பொதுமக்கள் நாவில் நாள்தோறும் வழங்கும் வழக்குமாம்.

ஆகவே எடுத்துக்காட்டுக்கு நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. சினையாகுபெயருக்கு ‘வெற்றிலை நட்டான்’ என்று காட்டுவது பள்ளி மரபு. நானுஓயாப் பிள்ளைக்கு ‘தேயிலை நட்டார்கள்’ என்று காட்டுக. நட்டது இலையை அன்று, செடியை. உறுப்பின் பெயர் முழுமைக்கு ஆயிற்று. ‘அவள் இன்று 18 கிலோ எடுத்தாள்’ என்புழி, நிறையின் பெயர் நிறுக்கப்பட்ட கொழுந்துக்கு ஆயிற்று. இஃது எடுத்தலளவை ஆகுபெயர். ‘லயமே திரண்டு வந்தது’ என்புழி, வந்தது கட்டடமன்று, அதில் வாழ்வோர், இஃது இடவாகுபெயர்.

இனி, சற்று ஆழ்ந்து நோக்கத்தக்க இரண்டு சொற்கள் உள. தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குரிய கணக்கைப் ‘பேர்’ என்பர். குறித்த நிறைக்குக் கொழுந்து குறைந்தால் ‘அரைப்பேர்’ போடுவர். வருகைப் பதிவேட்டில் எழுதப்படும் ஆளின் பெயர், அந்நாளின் ஊதியக் கணக்குக்குப் பெயராயிற்று. மற்றொன்று ‘கூலி’. தமிழில் அது வேலைக்குப் பெறும் ஊதியத்தின் பெயர். அதுவே ஆங்கிலேயர் ஆட்சியில் ஊதியம் பெறும் மனிதனுக்குப் பெயராக வழங்கலாயிற்று. ‘கூலியாள்’ என்னும்போது ஆள் எஞ்சி நிற்கின்றான். ‘கூலி’ என்று மட்டும் சொல்லும்போது ஆள் மறைந்து ஊதியமே எஞ்சுகின்றது. மனிதனின் பெயர் ஊதியத்துக்கு ஆயிற்று. ஊதியத்தின் பெயர் மனிதனுக்கு ஆயிற்று. உழைப்போரை எவ்வாறு மதித்தனர் என்பதனை இவ்விரு ஆகுபெயர்களும் சொல்லிவிடுகின்றன.

பெயர் வழங்கும் உரிமை பெரியதோர் உரிமை. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் இம்மக்களுள் மிகப் பலர் ‘நாடற்றவர்’ என்னும் பெயரைப் பெற்றனர். 1964 ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரின் நிலை பின்னைய பேச்சுக்கு விடப்பட்டது. அக்கணக்கிலும் மக்கள் தொகையாகவே எண்ணப்பட்டனர் என்பது சிந்திக்கத்தக்கது. நாடற்ற நிலையில் எஞ்சியோருக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 ஆம் ஆண்டில் வந்தது.

பிறர் இட்ட பெயர்களுக்கு மாறாக இம்மக்கள் தாமே உவந்து ஏற்ற பெயர் ‘மலையகம்’. 2023 ஆம் ஆண்டில் ‘மலையகம் 200’ என நினைவுகூர்ந்தபோது, இருநூறு ஆண்டு என்றது மலைக்கு அன்று. மலை அதனினும் மிகத் தொன்மையுடையது. அம்மலையில் வேரூன்றிய மக்களின் வரலாற்றையே அது குறித்தது. அதுவும் இடவாகுபெயரே. ஆயினும் இங்கே மனிதன் மறையவில்லை; தான் வாழும் மண்ணோடு சேர்ந்து நிமிர்ந்து நிற்கின்றான்.

ஆசிரியப் பெருமக்கள் ஆகுபெயரின் வகைகளை மனனம் செய்வித்து விடுத்தல் போதாது. ‘இச்சொல்லின் இயற்பொருள் யாது? இப்போது எதனைக் குறிக்கின்றது? இரண்டற்கும் இயைபு யாது?’ என்னும் மூன்று வினாக்களையும் மாணவர் கேட்கப் பழக்குதல் வேண்டும். அவற்றோடு நான்காவது வினா ஒன்றையும் சேர்க்க: ‘இப்பெயரை இட்டவர் யார்?’ அது நூற்பாவில் இல்லாத வினாவே. எனினும் நூற்பாவைக் கற்றவனே அதனைத் தெளிவாகக் கேட்க வல்லவன்.