உடலுக்குள் எரியும் அடுப்பு

குளிர்நாடாகிய சுவீடனில் ஒரு பெண்மணி சிறு வயது முதலே வியர்த்து வழிந்துகொண்டிருந்தார். ஏனையோரினும் மிகுதியாக உண்டார்; உடலோ மெலிந்தே போயிற்று. தைரொயிட்டுச் சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்கின்றதென எண்ணிய வைத்தியர்கள் அதன் ஒரு பகுதியை வெட்டி அகற்றினர். அப்போதும் நோய் தணியவில்லை.

பின்னர் ஸ்டொக்ஹோம் நகரத்து வைத்தியப் பேராசிரியர் ரோல்ஃப் லுஃப்ட் அவரை ஆராய்ந்தார். தசையில் ஒரு சிறு துண்டை எடுத்துச் சோதித்தபோது உண்மை வெளிப்பட்டது. குற்றம் சுரப்பியில் இல்லை; தசைக் கலங்களினுள்ளே இருந்த இழைமணிகளில் இருந்தது. 1962ஆம் ஆண்டு இச்செய்தி வெளியாயிற்று. இழைமணியின் கோளாறே ஒரு நோயாதல் கூடும் என்பதை மருத்துவ உலகம் அன்று கண்டது.

இழைமணி என்பது யாது? மைற்றோகொண்டிரியா என்னும் பெயருக்குக் கிரேக்க மொழியில் உள்ள பொருளும் அதுவே: இழையும் மணியும். நாம் உண்ணும் சோற்றின் சத்தை, மூச்சில் வாங்கும் ஒட்சிசனைக் கொண்டு எரித்து, ஏ.ரி.பி. என்னும் சக்திப் பொருளாக்கித் தருவது இதன் தொழில். தசை சுருங்குவதும், இருதயம் துடிப்பதும், மூளை இயங்குவதும் அச்சக்தியினாலேயே. அப்பெண்மணியிடத்தில் விறகு கொழுந்துவிட்டு எரிந்தது. பானையோ சரிவரக் கொதிக்கவில்லை. சத்தின் பெரும்பகுதி வெறும் வெப்பமாக வீணாயிற்று.

பிறவியிலேயே அமையும் இத்தகைய நோய்கள் யாவற்றையும் தீர்க்கும் மருந்து இன்னும் கிடைக்கவில்லை. ஒரு சில வகைகளுக்கு மாத்திரமே தனி மருந்து உண்டு. ஆயினும், நலமாயிருப்போர் தம் இழைமணிகளைப் பெருக்கிக்கொள்ள ஒரு வழி உளது. 1967ஆம் ஆண்டு அமெரிக்காவின் சென்ற் லூயிஸ் நகரில் ஜோன் ஹொலொசி என்னும் அறிஞர் எலிகளைப் பல வாரங்கள் ஓடவிட்டுப் பழக்கினார். அவற்றின் தசையிலுள்ள இழைமணிகளின் ஆற்றல் ஏறக்குறைய இருமடங்காயிற்று. மனிதருடைய தசையும் பயிற்சிக்கு இவ்வாறே இணங்குவது பின்னர்த் தெளிவாயிற்று. பயிற்சியை நிறுத்தினாலோ, சில வாரங்களில் அவ்வாதாயம் கரைந்துவிடும்.

இது வீடுதோறும் சிந்திக்கத்தக்க செய்தியாகும். நீரிழிவுக்காரருக்கு நடைப்பயிற்சி விதிக்கப்படுவது பொழுதுபோக்குக்காக அன்று. அசையும் தசை குருதியிலுள்ள சீனியை உள்ளிழுத்து எரிக்கின்றது. நாள்தோறும் அசையும் தசையிலே எரிக்கும் அடுப்புகளும் பெருகுகின்றன. பிறவி இழைமணி நோய் உடையோர் மட்டும் வைத்தியரின் ஆலோசனைப்படியே பயிற்சி செய்தல் வேண்டும்.

இக்காலத்தில் இழைமணிகளைப் புதுப்பிப்பதாகச் சொல்லிப் பலவகைக் குளிசைகள் விற்பனையாகின்றன. நலமாயிருப்போருக்கு அவை பயிற்சியளவு பயன் தருமென நிறுவப்படவில்லை. குளிசை வாங்கப் பணம் எடுத்து வைத்திருக்கும் அன்பர்கள், முதலில் ஒரு மாத காலம் மாலைதோறும் அரைமணி நேரம் விரைந்து நடந்து பார்ப்பார்களாக. பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லலாம்.