கணினிச் சித்திரமும் காசும்

தூரிகையையும் வர்ணத்தையும் ஒருமுறை விலைகொடுத்து வாங்கிய சித்திரகாரனுக்கு அவை என்றும் சொந்தம். கணினியிற் சித்திரம் தீட்டுபவனின் நிலை அத்தகையதன்று. புகழ்பெற்ற மென்பொருள்கள் பல இக்காலத்தில் வாடகைப் பொருளாகிவிட்டன. அடோபி நிறுவனம் 2013ஆம் ஆண்டிலே தன் சித்திர மென்பொருள்களின் புதிய பதிப்புகளைச் சந்தா முறைக்கு மாற்றிற்று. சந்தா நின்றால் கருவியும் கையைவிட்டுப் போகும். வசதியற்ற மாணவன் யாது செய்வான்?

அவனுக்கு வழியுண்டு என்பதற்குப் பிளெண்டர் என்னும் மென்பொருளின் வரலாறே சான்று. குயவன் மண்ணில் வனைவதுபோல் உருவங்களைக் கணினியில் வனைந்து, ஒளியூட்டி, அசையச் செய்வது அதன் தொழில். ஒல்லாந்து தேசத்தவரான ரொன் றோசன்டால் தமது சித்திரக்கூடத்தின் தேவைக்காக அதனை ஆக்கினார். 1998இல் அதனைப் பரப்புவதற்கென ஒரு கம்பனி தோன்றிற்று. வருவாய் போதாமையால் 2002இல் முதலிட்டோர் அதனை மூடினர். பலர் பழகிய கருவி பெட்டிக்குள் முடங்கும் நிலை. 100,000 யூரோ தந்தால் மூலநிரலை விட்டுக்கொடுப்பதாக முதலிட்டோர் இணங்கினர். றோசன்டால் பொதுமக்களிடம் கையேந்தினார். ஏழே வாரத்தில் அத்தொகை சேர்ந்தது! அவ்வாண்டு ஒக்ரோபர் 13ஆந் திகதி மூலநிரல் உலகுக்கு வழங்கப்பட்டது.

மூலநிரல் என்பது மென்பொருளை இயக்கும் கட்டளைகளின் மூலப்படி. அதனை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு அளிக்கலாம். திருத்தி அளிப்பவர் அதே உரிமைகளைப் பெறுபவர்க்கும் அளித்தல் வேண்டும் என்பது உரிமத்தின் நிபந்தனை. ஆதலின், இலவசம் என்பதினும் இந்த நிபந்தனையே பெரிது. ஒருமுறை மீட்கப்பட்டதை மறுபடி பூட்டிவைக்க இயலாது. அதனால் ஆக்கிய சித்திரமோ ஆக்கியவனுக்கே உரியது, விற்கவும் தடையில்லை. பள்ளிக்கூடம் ஒன்று தன் கணினிகள் அனைத்திலும் அதனை ஏற்றிக்கொள்ளலாம்.

இலவசக் கருவி தரங்குறைந்தது என எண்ணுவோர் உளர். லத்வியா நாட்டுக் கலைஞர் கின்ற்ஸ் சில்பலோடிஸ், வெள்ளத்தில் அகப்பட்ட பூனையொன்றின் கதையை, ஓர் உரையாடலுமின்றி, 'ஃபுளோ' என்னும் படமாகப் பிளெண்டரைக்கொண்டு ஆக்கினார். 2024இல் வெளிவந்த அப்படம் 2025இல் ஒஸ்கார் பரிசு பெற்றது.

தாளில் வரைவதுபோல் வரைய விரும்புவோர்க்குக் கிறிற்றா உகந்தது. சுவீடிய மொழியில் அப்பெயருக்குச் சுண்ணக்கட்டி என்பது பொருள். பள்ளிக்கூடத்துக்குப் பொருந்திய பெயர்தான்! நிழற்படங்களைத் திருத்தக் கிம்ப் உண்டு. இவையும் விலையின்றிக் கிடைப்பனவே.

எனினும் செலவே இல்லை என்றல் பொருந்தாது. பிளெண்டருக்கு வலிமைமிக்க கணினி வேண்டும். கிறிற்றா எளிய கணினியிலும் ஓரளவு இயங்கும். பிளெண்டரின் திரையை முதன்முதற் கண்டு மிரளாதவர் சிலரே. பழகச் சில மாதங்கள் செல்லும். சுட்டியால் வரையும் கோடு கையழுத்தத்துக்கேற்பத் தடிப்பதுமில்லை, மெலிவதுமில்லை. மென்பொருளுக்கென ஒதுக்கிய பணம் இருப்பின், அதனை அழுத்தம் உணரும் பேனாவும் பலகையும் வாங்கச் செலவிடுதல் தக்கது.