கேம் விளையாட ஒரு கார்டு: பணத்தை எடுக்கும் முன் உம்மாமாருக்குச் சில வார்த்தைகள்

கணனி வீட்டுக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருக்கும். "உம்மா, இதில நல்ல கேம் ஓடுதில்ல. கிராபிக்ஸ் கார்ட் ஒன்று வாங்கணும்" என்று மகன் தொடங்கிவிடுவான். பதுளை நகரிலும் பசறை, ஹாலிஎல, லுணுகலைத் தோட்டப் புறங்களிலும் பல தாய்மாருக்கு இது பழகிய பேச்சு. கார்டின் விலை சில வேளை பாவித்த கணனி ஒன்றின் விலையையே தாண்டிவிடுகிறது. சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தை எடுக்கும் முன் அது என்ன பொருள் என்று அறிந்துகொள்வோமே!

திரையில் நாம் பார்க்கும் படம் ஏறத்தாழ 20 இலட்சம் புள்ளிகளால் ஆனது. விளையாட்டு தடங்காமல் ஓட அத்தனை புள்ளிகளையும் செக்கனுக்கு 60 தடவை புதிதாக வரைய வேண்டும். ஒரு மலைக் கொழுந்தை ஒருவரே பறிப்பதற்கும் நிரை பிடித்து நூறு பேர் பறிப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் இங்கும். கணனியின் ப்ரொசெசர் கெட்டிக்கார ஒற்றையாள். கிராபிக்ஸ் கார்ட் நிரையாக நிற்கும் பெருங்கூட்டம்.

ஆனால், பெரும்பாலான ப்ரொசெசர்களுக்குள்ளேயே படம் வரையும் பகுதி ஒன்று சிறிதாக உண்டு. பாட வேலைக்கும், சூம் வகுப்புக்கும், வீடியோ பார்ப்பதற்கும் அது தாராளமாகப் போதும். 2021இல் வந்த ஏஎம்டி ரைசன் 5 5600ஜி போன்றவற்றில் மைன்கிராஃப்ட், வலோரன்ட் போன்ற விளையாட்டுக்களையும் கார்ட் இல்லாமலே விளையாடலாம். அப்படியான கணனியில் 16 ஜிபி ராம் ஒன்றைப் போடுவதை விட 8 ஜிபி இரண்டைப் போட்டால் விளையாட்டு வேகமாக ஓடும்.

அலுவலகங்களில் பாவித்துக் கழித்த ஒடுங்கிய பெட்டிக் கணனிகளை வாங்கியோர் இன்னுமொன்றைக் கவனிக்க வேண்டும். அவற்றுள் உயரம் குறைந்த கார்ட் மட்டுமே நுழையும், மின்வழங்கியும் சிறியது. 2019இல் வந்த ஜிடிஎக்ஸ் 1650 சுமார் 75 வாட் எடுக்கும். 2022இல் வந்த ஆர்எக்ஸ் 6400 சுமார் 53 வாட் எடுக்கும். இரண்டிலும் உயரம் குறைந்த வகைகள் உண்டு. ஆனால் ஆர்எக்ஸ் 6400 பழைய போர்டுகளில் வேகம் சற்றுக் குறையும். மலிவாகக் கிடைக்கும் ஆர்எக்ஸ் 580 சுமார் 185 வாட் கேட்கும். சிறிய பெட்டி அதைத் தாங்காது.

மலிவுக்கும் காரணம் உண்டு. கிரிப்டோ நாணயம் "தோண்ட" இரவு பகலாக ஓடிய கார்டுகள் பல, 2022 செப்டெம்பரில் எதீரியம் முறைமை மாறியதும் சந்தைக்கு வந்து சேர்ந்தன. ஆகவே பாவித்த கார்ட் என்றால் கடையிலேயே அரை மணி நேரம் கேம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். விசிறிச் சத்தத்தையும் திரையில் கோடு, புள்ளி விழுகிறதா என்பதையும் பாருங்கள். உத்தரவாதத்தை எழுத்தில் வாங்குங்கள்.

நம் மலைநாட்டில் இடி மின்னலும் ஒரு செலவுதான். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் மாலை வேளையில் இடி முழங்கத் தொடங்கு முன்பே பிளக்கைக் கழற்றிவிட வேண்டும். இணைய வயரையும் மறக்கக் கூடாது. லயன் வீட்டில் பழைய வயரிங் இருந்தால் முதலில் அதை மின்வேலை தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.

இனி, முக்கியமான விடயம். 2021இல் பாடசாலைகள் மூடியிருந்தபோது, பதுளை மாவட்டத்தின் போஹிட்டியாவ கிராமப் பிள்ளைகள் சிக்னல் தேடி மலையேறிப் பாடம் படித்தார்கள். நம் பிள்ளைகளுக்குப் படிப்புக் கருவி எவ்வளவு அருமையானது என்பதை அந்த நாட்கள் காட்டின. வீட்டில் ஒரே கணனி என்றால் அது மகனுக்கு மட்டும் உரியதல்ல. சாதாரண தரம் எழுதப் போகும் மகளும் அதில்தான் படிக்க வேண்டும். அவளுடைய நேரத்தை முதலில் குறித்துவிட்டு, மிச்சத்தை விளையாட்டுக்குக் கொடுங்கள்.

பணத்தையும் அதே வரிசையில் செலவழியுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க் இருந்தால் முதலில் எஸ்எஸ்டி; அடுத்து ராம்; பிறகு யூபிஎஸ். இவற்றால் வீட்டில் எல்லோருக்கும் பயன் உண்டு. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டதால், இனிக் கணனி வாங்குவோர் விண்டோஸ் 11 ஏற்குமா என்றும் கேட்க வேண்டும். இன்டெல் என்றால் பொதுவாக 8ஆம் தலைமுறையாவது இருக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு பணம் மிஞ்சினால் கார்டைப் பற்றி யோசிக்கலாம். மகனை வெறுங்கையோடு துரத்திவிட வேண்டாம். எந்த விளையாட்டு, அதற்கு என்ன கார்ட் தேவை, நம் பெட்டியும் மின்வழங்கியும் அதைத் தாங்குமா என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதி வரச் சொல்லுங்கள். தங்கச்சியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதட்டும். அந்தக் கணனி அவளுடையதும்தானே.