ஒட்டுப்போடும் கரங்கள்

"பழையதுதானே, தூக்கி எறி, புதியது வாங்கிக் கொள்ளலாம்!" கணிப்பொறி விற்கும் கனவான்கள் ஓயாமல் பாடும் பாட்டு இது. காதுக்கு இனிமையான பாட்டுதான். ஆனால் யாருடைய பையிலிருந்து பணம் போகிறது?

பட்டறையிலே பாடுபடும் தோழர்களுக்கு இந்தப் பாட்டின் பொய் தெரியும். முப்பது வருடத்து லேத், தேய்ந்த பாகத்தை மாற்றிவிட்டால் மறுநாளும் ஓடும். அதற்கு இரண்டு வேண்டும்: மாற்றத் தெரிந்த ஃபிட்டர் ஒருவர், மூடியைக் கழற்றி உள்ளே பார்க்கும் உரிமை. கணிப்பொறியை நடத்தும் மென்பொருளுக்கும் இதே நீதிதான். யூனிக்ஸின் வரலாறு அதற்குச் சான்று.

1969-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் மற்றவர்களும், பிடிபி-7 என்ற கணிப்பொறிக்கு யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தை எழுதினார்கள். அந்தப் பொறிக்கு மட்டுமே புரியும் பாஷையில் எழுதினார்கள். பொறி மாறினால் மறுபடி முதலிலிருந்து எழுத வேண்டும்! 1973-ல் அதைச் 'சி' என்னும் மொழியில் திருப்பி எழுதினார்கள். வழி பிறந்தது. 1977-ல் ஆஸ்திரேலியாவின் வொல்லங்காங் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் மில்லர் என்பவர், முற்றிலும் வேறு வகையான இன்டர்டேட்டா 7/32 என்ற பொறியிலே யூனிக்ஸைக் குடியேற்றினார். ஏன் முடிந்தது? யூனிக்ஸின் மூலநிரல், அதாவது மனிதர் எழுதிய அசல் எழுத்து, உரிமத்தின் பேரில் பல்கலைக்கழகங்களுக்குக் கிடைத்தது. பூட்டி வைத்திருந்தால் முடிந்திருக்குமா?

குடியேற்றுவது எளிதென்று நினைக்க வேண்டாம். ஆங்கிலத்தில் யு, என், ஐ, எக்ஸ் என்று எழுதியது, எழுத்துகளை இரண்டிரண்டாக மாற்றி அடுக்கும் இன்னொரு பொறியில் என், யு, எக்ஸ், ஐ என்று வந்து நிற்கும்! 'நக்ஸி' என்றே இந்தக் கோளாறுக்குப் பெயர். இப்படி ஒவ்வொரு கோளாறையும் தேடிப்பிடித்து, ஒரு வரி இங்கே, இரண்டு வரி அங்கே என்று திருத்த வேண்டும். அதுதான் ஒட்டு.

திருத்தியதை ஊருக்கெல்லாம் கொடுப்பது எப்படி? 1985-ல் லாரி வால் என்பவர் 'பேட்ச்' என்ற சிறு கருவியை எழுதி எல்லோருக்கும் வழங்கினார். முழு நிரலையும் அனுப்ப வேண்டியதில்லை. பழையதற்கும் திருத்தியதற்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் அனுப்பினால் போதும். வரிகள் முன்பின் நகர்ந்திருந்தாலும் அக்கம்பக்கத்து வரிகளைப் பார்த்து உரிய இடத்திலே ஒட்டும். பொருந்தாததைத் தனியே எடுத்து வைத்து, 'நீயே பார்' என்று கொடுத்துவிடும்.

அந்த ஒட்டுகளின் வலிமை என்ன? 1992-ல் 386பிஎஸ்டி என்ற இயங்குதளம் வெளிவந்தது. குறைகள் பல இருந்தன. அடுத்த பதிப்போ தாமதித்தது. பயன்படுத்தியவர்கள் கைகட்டி நிற்கவில்லை. தாங்களே திருத்தினார்கள், திருத்தங்களை ஒன்றாகத் திரட்டினார்கள். 1993-ல் அந்தத் திரட்டிலிருந்து கிளம்பியவையே நெட்பிஎஸ்டி, ஃப்ரீபிஎஸ்டி என்ற இரண்டும். இன்றும் அவை உயிரோடு உலவுகின்றன!

இனி வரப்போகும் வேலையைப் பாருங்கள். யூனிக்ஸ் வழிவந்தவை 1970 ஜனவரி முதல் நாளிலிருந்து நொடிகளை எண்ணியே காலத்தை அறிகின்றன. பழைய நிரல்கள் அந்த எண்ணிக்கையை 32 பிட் இடத்திலே வைத்தன. 2038 ஜனவரி 19, நம் நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடி. அதோடு அந்த இடம் நிரம்பிவிடும். அடுத்த நொடியில் திருத்தப்படாத பொறி, '1901 டிசம்பர்' என்று சொல்லும்! நெட்பிஎஸ்டி 2012-லும், ஓப்பன்பிஎஸ்டி 2014-லும் அந்த இடத்தை 64 பிட்டாக அகலப்படுத்திவிட்டன. மூலநிரல் கையில் இருந்ததால் முடிந்தது. மூலநிரல் தொலைந்துபோன பொறிகளுக்கு யார் ஒட்டுப்போடுவது?

இத்தனையும் செய்யும் கரங்களுக்கு உலகம் கொடுக்கும் கூலி என்ன? 2024 மார்ச்சில் நடந்ததைக் கேளுங்கள். 'எக்ஸ்இசட்' என்ற கோப்புச் சுருக்கும் கருவி லினக்ஸ் பொறிகளில் எங்கும் இருப்பது. அதைப் பல ஆண்டுகள் ஊதியமின்றிப் பராமரித்தவர் ஒரே ஒருவர். களைத்துப்போனார், அதைப் பகிரங்கமாகச் சொல்லவும் செய்தார். 'இன்னும் வேகமாகச் செய்' என்ற நச்சரிப்புதான் பதிலாக வந்தது. உதவுகிறேன் என்று ஒருவர் நுழைந்தார். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நல்ல ஒட்டுகளைப் போட்டு நம்பிக்கை பெற்றார். பிறகு கள்ளக் கதவு ஒன்றைப் பொருத்தினார்! தொலைவிலிருந்து பொறிக்குள் நுழைய அரை நொடி கூடுதலாகிறதே என்று ஐயுற்றுத் தோண்டிப் பார்த்த ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் அதைப் பிடித்தார். மூலநிரல் திறந்திருந்ததால் பிடிக்க முடிந்தது. உழைப்பாளி கைவிடப்பட்டதால் திருடன் நுழைய முடிந்தது. இரண்டும் உண்மை!

ஆகவே நாம் கேட்க வேண்டியவை இரண்டு. பொதுப்பணத்தில் எழுதப்படும் மென்பொருளின் மூலநிரல் பொதுமக்கள் கையிலே இருக்கட்டும். விற்றவன் கடையை மூடினாலும் நம் வேலை நிற்கக்கூடாது. அடுத்து, பிறர் போட்ட ஒட்டுகளின்மீது கோடிகளைக் குவிக்கும் நிறுவனங்கள், ஒட்டுப்போடுபவருக்குக் கூலி கொடுக்கட்டும். உடன் உழைக்க ஆளும் கொடுக்கட்டும்.

வீடு கட்டியவன் பெயரைக் கல்லிலே வெட்டுகிறார்கள். ஆண்டுதோறும் கூரையேறி ஓடு மாற்றுபவன் பெயரை யாரும் கேட்பதில்லை. மழை வரும்போதல்லவா தெரியும், வீடு யாரால் நிற்கிறது என்று!