முயல் வாங்குமுன் வாங்க வேண்டியவை

வீட்டுக் கொல்லையில் நாலு முயல் வளர்த்தால் கைச்செலவுக்கு ஆகும் என்று நினைக்கும் சிறு விவசாயிகள் பலர், முதலில் முயலை வாங்கி வந்துவிட்டுப் பிறகு கூண்டுக்கு அலைகிறார்கள். அதற்குள் முயல் கழிந்து செத்துப் போகிறது. அல்லது நாய்க்கு இரையாகிறது. சாமான்களைத் தயார் செய்துகொண்டு முயலுக்குப் போவதே முறை.

முதல் தேவை கூண்டு. வளர்ந்த முயல் ஒன்றுக்கு இரண்டரை அடி நீளம், இரண்டு அடி அகலம், ஒன்றரை அடி உயரம் வேண்டும். ஒரு கூண்டில் ஒரு முயலைத்தான் விட வேண்டும். இரண்டு ஆண்களைச் சேர்த்து விட்டால் கடித்துக் குதறிக்கொள்ளும். அடித்தளத்துக்கு அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டுமெஷ் வலை போட வேண்டும். புழுக்கையும் மூத்திரமும் கீழே விழுந்துவிடுவதால், இரத்தக் கழிச்சல் நோய் பரவுவது பெரிதும் குறையும். விலை குறைவு என்று கோழிவலையை அடியில் அடிப்பவர்கள் உண்டு. அது தொய்ந்து பாதத்தை அறுத்துப் புண்ணாக்கும். நல்ல வலையானாலும் மூலையில் ஓர் அடிப் பலகைத் துண்டு கிடக்கட்டும். முயல் அதில் காலை ஆற்றிக்கொள்ளும்.

கேளம்பாக்கம், கோவளம் பக்கத்தில் உப்புக் காற்று வலையைச் சீக்கிரம் துருப்பிடிக்க வைக்கும். ஆகவே துத்தநாகம் பூசிய கம்பியாகப் பார்த்து வாங்க வேண்டும். கூண்டு தரையிலிருந்து மூன்று அடி உயரத்தில் இருக்கட்டும். மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும் தாழ்ந்த பூமிக்கு இது மிகவும் அவசியம். கால்களைத் தண்ணீர் ஊற்றிய கிண்ணங்களில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. பிறந்த குட்டிகளை எறும்பு மொய்த்தால் பிழைக்காது.

நம் பகுதியில் முயலைக் கொல்வது நோயைவிட வெயில்தான். முயலுக்கு வியர்க்காது, காது வழியாகத்தான் உடல் சூட்டை வெளியேற்றும். வெப்பம் 35 டிகிரி செல்சியசைத் தாண்டினால் மூச்சு வாங்கிச் சாய்ந்துவிடும். கோடையில் ஆண் முயலின் வீரியமும் குறைவதால் இனச்சேர்க்கை வீணாகும். எனவே தகரக் கூரை வேண்டவே வேண்டாம். சவுக்குக் கால் நட்டுத் தென்னங்கீற்று வேய்ந்த கொட்டகை, அதுவும் மர நிழலில், செலவு குறைவு, குளுமை அதிகம். சித்திரை, வைகாசியில் நனைத்த சாக்கைக் காற்று வரும் பக்கம் தொங்கவிடலாம். காற்றை அடைக்கக் கூடாது.

தண்ணீர் இரவும் பகலும் இருக்க வேண்டும். கனமான மண் சட்டியே போதும். லேசான தட்டைக் கவிழ்த்துவிடும். சொட்டுக் குழாய் வைத்த பாட்டில் சுத்தமானதுதான், ஆனால் உப்பு நீரில் அதன் வாய் அடைத்துக்கொள்ளும். தினமும் விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். கிணற்று நீர் கரித்தால் குடிநீரையே வையுங்கள். அடர் தீவனத்துக்கு இன்னொரு சட்டி, தழைக்குக் கூண்டின் பக்கத்தில் ஒரு கம்பிச் சட்டம் வேண்டும். வேலிமசால், கல்யாண முருங்கை, அகத்தி ஆகியவை நல்ல தழைகள். பனி ஈரத்தோடு போடாமல் வாட விட்டுப் போட வேண்டும்.

பலர் மறந்துவிடும் சாமான் குட்டிப் பெட்டி. 20 அங்குல நீளம், 12 அங்குல அகலம், 12 அங்குல உயரமுள்ள மரப்பெட்டி போதும். தாய் ஏறி இறங்க முன்பக்கத்தில் பாதி உயரத்தை வெட்டிவிட வேண்டும். முயலின் சினைக் காலம் ஏறத்தாழ 31 நாள். 27-ஆம் நாள் காய்ந்த புல்லோ தேங்காய் நாரோ பரப்பிப் பெட்டியை உள்ளே வைத்தால், தாய் தன் மயிரையே பிடுங்கி மெத்தை போட்டுக்கொள்ளும். பெட்டி இல்லையென்றால் கண் திறக்காத குட்டிகள் வலைமேல் விறைத்துக் கிடக்கும். தாய் குட்டிகளோடு படுக்கவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். நாளுக்கு ஒரு முறை, சில நிமிடங்கள்தான் அது பாலூட்டும்.

சேர்த்த தேதி எழுத ஒரு நோட்டு, ஒரு சிறிய தராசு, நகம் வெட்டி ஆகியவையும் வேண்டும். சொறிக்கு மருந்து வாங்கி வைக்க வேண்டாம். கால்நடை மருத்துவர் அளவு பார்த்துப் போடட்டும்.

காட்டு முயலைப் பிடித்து அடைப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மேல்நாடுகளில் முயலை வளையிலிருந்து விரட்ட ‘ஃபெரெட்’ என்ற கீரி போன்ற பிராணியைப் பழக்குவதுண்டு. அதைக் கேள்விப்பட்டு எலிக்காக நம் ஊர்க் கீரியைக் கட்டி வைப்பதும் குற்றமே.

வளர்க்க வேண்டியவை சோவியத் சின்சில்லா, வெள்ளை ஜயண்ட் போன்ற பண்ணை இனங்கள். ஓர் ஆண், மூன்று பெண்ணோடு தொடங்குங்கள். நாலு கூண்டோடு, பால் மறந்த குட்டிகளுக்கு இரண்டு கூண்டு அதிகமாக வேண்டும். ஒரு ஈற்றில் ஆறு முதல் எட்டுக் குட்டி வரை வரும்; வாங்குவோர் யார் என்று விசாரிக்காமல் பெருக்கக் கூடாது. வண்டலூர் வழியாகப் போனால் காட்டாங்கொளத்தூர் அருகே காட்டுப்பாக்கத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது; முன்கூட்டியே ஆலோசனை கேட்டுக்கொள்ளலாம். முயல் வாங்க மார்கழி, தை மாதங்கள் ஏற்றவை. விடியற்காலையில் காற்றோட்டமுள்ள கூடையில் கொண்டுவர வேண்டும். காதைப் பிடித்துத் தூக்காமல், பிடரித் தோலைப் பற்றி, மறு கையால் பின்புறத்தைத் தாங்கிக் கூண்டில் விடுங்கள்.