கோழிக்குப் பக்கத்தில் வைக்கிற காய்கறி

சம்பளம் போட்ட ஞாயிற்றுக்கிழமை பட்டணத்துக்குப் போனால் பிள்ளைகள் கேட்பது பொரித்த கோழிதான். 1973-இல் கோலாலம்பூர் ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானில் கே.எப்.சி.யின் முதல் கடை திறந்தபோது அது பெரிய பட்டணத்துச் சமாச்சாரம். இன்று சின்னப் பட்டணங்களிலும் இப்படிப்பட்ட கடைகள் வந்துவிட்டன. போகாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. எப்போதாவது பிள்ளை ஆசைக்குச் சாப்பிடட்டும். கோழிக்குப் பக்கத்தில் என்ன வாங்குகிறோம் என்பதே பேச்சு.

"உருளைக்கிழங்கு வறுவலும் காய்கறிதானேங்க?" என்று தாய்மார்கள் கேட்பதுண்டு. இல்லை. பெரியவர்கள் நாளுக்கு 400 கிராம் காயும் பழமும் சாப்பிட வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அந்தக் கணக்கில் கிழங்கு சேராது. வறுத்தாலும் மசித்தாலும் கிழங்கு சோற்றுக்குச் சமமான மாவுதான். 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில், இந்நாட்டு இந்தியரில் வயது வந்தவர்கள் நூற்றுக்கு 31 பேருக்கு இனிப்புநீர் இருந்தது. மாவுக்கு மேல் மாவு, அதோடு ஒரு கிளாஸ் இனிப்புத் தண்ணீர் என்றால் உடம்பு என்ன செய்யும்?

வறுவலுக்குப் பதில் அவித்த சோளம் கேளுங்கள். அதிலும் மாவு உண்டு. ஆனால் எண்ணெயில் பொரித்ததல்ல, நார்ச்சத்தும் இருக்கிறது. வெண்ணெய் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். பர்கர் என்றால் சாலட் இலையும் தக்காளியும் கூடுதலாக, சாஸ் குறைவாக வைக்கச் சொல்லுங்கள். கேட்பதில் வெட்கம் என்ன, காசு நம்முடையது.

அடுத்தது கோல்ஸ்லோ. முட்டைக்கோசும் கேரட்டும் பச்சையாகத் துருவி மாயோனிஸில் கலந்தது. எண்ணெயும் சர்க்கரையும் கொஞ்சம் உண்டென்றாலும் காய்கறிதான். கடையிலேயே சில்லென்று சாப்பிட்டால் நல்லது. வம்பு எங்கே வருகிறதென்றால், "வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம்" என்று கட்டி வாங்கி, மோட்டார் சைக்கிள் கூடையில் வெயிலில் ஒரு மணி நேரம் கொண்டுவந்து, மீதியை ராத்திரிக்கும் வைக்கிறோமே, அங்கேதான். 5 முதல் 60 டிகிரி வரையுள்ள சூட்டில் கிருமி மளமளவென்று பெருகும். மாயோனிஸ்தான் கெட்டுப்போகும் என்று பலர் நினைக்கிறார்கள். கம்பெனி மாயோனிஸில் புளிப்பு இருப்பதால் கிருமி லேசில் வளராது. நறுக்கிய கையிலும் சரியாகக் கழுவாத காயிலும்தான் பெரும்பாலும் ஆபத்து. வாங்கி ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருந்ததைக் கொட்டிவிடுங்கள். கோழியை வீட்டில் நன்றாகச் சூடு பண்ணலாம், கோல்ஸ்லோவை முடியாது.

கர்ப்பிணிப் பெண்களுக்கு மட்டும் வேறு பேச்சு. 1981-இல் கனடாவின் கிழக்கு மாநிலங்களில் கோல்ஸ்லோ மூலம் லிஸ்தீரியா என்ற கிருமி பரவி 41 பேருக்கு நோய் கண்டது. பெரும்பாலும் கர்ப்பிணிகளும் பச்சைக் குழந்தைகளும். சிலருக்குக் கரு கலைந்தது, சில குழந்தைகள் இறந்தே பிறந்தன. ஆட்டு எரு போட்ட நிலத்து முட்டைக்கோஸ் அது. இந்தக் கிருமி குளிர்ப்பெட்டியிலும் வளரும். வேக வைத்தால் சாகும். ஆகவே வயிற்றில் பிள்ளையிருப்பவர்கள் பச்சைக் கோல்ஸ்லோவை விட்டு, சூடான சோளம் சாப்பிடட்டும். கீரையும் காயும் வீட்டில் சமைத்தே கொடுங்கள். சாப்பிட்டுச் சில வாரம் கழித்துக்கூடக் காய்ச்சலும் உடம்பு வலியும் வரலாம். அப்போது சாதாரணக் காய்ச்சல் என்று பனடோல் போட்டுப் படுக்காமல், உடனே அரசாங்கக் கிளினிக்குக்குப் போய், என்ன சாப்பிட்டீர்கள் என்பதையும் மிஸ்ஸியிடம் சொல்லுங்கள்.