கையொப்பமிடும் முன் ஒரு வழிகாட்டி: சிறுதொழில் முனைவோர்க்கான இலவச ஆலோசனை

ஐசலினின் ஓக் ட்ரீ சாலையில் கடை திறக்க எண்ணும் குடும்பம் பெரும்பாலும் முதலில் இடத்தைத் தேடுகிறது; அடுத்துப் பணத்தைத் திரட்டுகிறது. அனுபவமுள்ள ஒருவரின் ஆலோசனையை நாடுவதோ சிக்கல் தோன்றிய பின்னரே. இவ்வரிசை மாற வேண்டும். தொழிலை வீழ்த்தக்கூடிய பிழைகளுள் பல, கடை திறப்பதற்கு முன்பே ஆவணங்களில் இடம்பெற்றுவிடுகின்றன. அவற்றை உரிய நேரத்தில் சுட்டிக்காட்டக்கூடியவர் வணிக வழிகாட்டி ஆவார். அவரது உதவியைக் கட்டணமின்றிப் பெற இங்கு வழிகள் உள்ளன.

வழிகாட்டி ஏன் தேவை

அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் கணக்கின்படி, புதிய தொழில்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று முதல் ஆண்டிலேயே மூடப்படுகிறது. ஐந்தாம் ஆண்டு முடிவில் ஏறத்தாழப் பாதியே எஞ்சுகின்றன.

மூத்தவரிடம் தொழில் பயில்வது தமிழர்க்குப் புதிதன்று. பர்மா, மலாயா, இலங்கை ஆகிய நாடுகளில் கடை நடத்திய நகரத்தார், இளைஞர் ஒருவரிடம் உடனே பொறுப்பை ஒப்படைத்துவிடவில்லை. பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவர் அடுத்தாளாகி, அதன் பின்னரே கடைப்பொறுப்பை ஏற்கும் மேலாளாக உயர்ந்தார். கணக்கெழுதுவதையும், கடன் கேட்டு வருவோரை எடைபோடுவதையும் மூத்தவரின் அருகிலிருந்தே கற்றார்.

புலம்பெயர்ந்து வந்து தனியே தொழில் தொடங்குவோர்க்கு அத்தகைய பயிற்சிக்காலம் வாய்ப்பதில்லை. சமையலிலோ துணி வணிகத்திலோ தேர்ந்தவர்கூட, நியூ ஜெர்சியின் வாடகை ஒப்பந்தத்தையும் விற்பனை வரியையும் முதன்முறையாகவே எதிர்கொள்கிறார். உறவினரின் அறிவுரை பயனுடையதே. எனினும், முதலீட்டில் பங்குள்ள உறவினரோ மனம் புண்படுமோ என அஞ்சும் நண்பரோ ‘இது வேண்டாம்’ என்று சொல்லத் தயங்கக்கூடும். தன்னலத் தொடர்பற்ற வழிகாட்டிக்கு அத்தயக்கம் இல்லை.

வழிகாட்டி கவனத்திற்குக் கொண்டுவரக்கூடியவை

வாடகை ஒப்பந்தம்: வீட்டு வாடகைதாரரைக் காரணமின்றி வெளியேற்றுவதைத் தடுக்கும் நியூ ஜெர்சியின் 1974ஆம் ஆண்டுச் சட்டம் கடைகளுக்குப் பொருந்தாது. கடையைப் பொறுத்தவரை, எழுதப்பட்ட ஒப்பந்தமே பெரும்பாலும் உரிமைகளைத் தீர்மானிக்கிறது. சொத்து வரி, காப்பீடு, பராமரிப்பு ஆகிய செலவுகளை வாடகைக்கு மேலாகக் கடைக்காரரே ஏற்க வேண்டும் என்னும் விதி அதில் இருக்கலாம்.

சொந்தப் பிணை: எல்.எல்.சி. நிறுவனம் தொடங்கிவிட்டால் சொந்தச் சொத்துக்குத் தீங்கில்லை எனப் பலர் கருதுகின்றனர். ஆனால் உரிமையாளர் தம் பெயரில் பிணைப் பத்திரத்திலும் கையொப்பமிட்டால் அப்பாதுகாப்பு அக்கடனுக்குப் பயன்படாது. கடை இரண்டாம் ஆண்டில் மூடப்பட்டாலும், எஞ்சிய ஆண்டுகளின் வாடகைக்காகக் குடும்பத்தின் சேமிப்பின்மீது உரிமை கோரப்படலாம். பிணைக்குக் காலவரம்போ தொகைவரம்போ கேட்க இயலும். ஆனால் கையொப்பமிடுவதற்கு முன்னரே கேட்க வேண்டும்.

விற்பனை வரி: நியூ ஜெர்சியின் விற்பனை வரி 6.625 விழுக்காடு. பெரும்பாலான ஆடைகளுக்கும் மளிகைப் பொருள்களுக்கும் இவ்வரி இல்லை; நகைகளுக்கும் சமைத்துச் சூடாக விற்கும் உணவுக்கும் உண்டு. ஒரே கடையில் அரிசியும் சூடான தோசையும் விற்பவர் இரண்டையும் வேறுபடுத்திக் கணக்கெழுத வேண்டும். வசூலித்த வரி மாநில அரசின் பணம். அதை வாடகைக்கோ சம்பளத்திற்கோ செலவிட்டால், பொறுப்பாளர் தனிப்பட்ட முறையிலும் பதில் சொல்ல நேரும்.

இடத்தின் அனுமதி: ஓக் ட்ரீ சாலைக் கடைவீதி, ஐசலினிலும் எடிசனிலும் பரவியுள்ளது. ஐசலின், உட்பிரிட்ஜ் நகராட்சியைச் சேர்ந்தது. எடிசன் தனி நகராட்சி. கடை எந்த எல்லைக்குள் உள்ளதோ அந்நகராட்சியின் அனுமதியே வேண்டும். துணிக்கடை இருந்த இடத்தில் உணவகம் நடத்த இயலுமா என்பதை ஒப்பந்தத்திற்கு முன்பே விசாரித்தல் நலம்.

வழிகாட்டலைப் பெறும் இடங்கள்

ஸ்கோர்: 1964இல் தொடங்கப்பட்ட இத்தொண்டு நிறுவனம், மத்திய அரசின் சிறுதொழில் நிர்வாகத் துறையுடன் இணைந்து செயல்படுகிறது. ஓய்வுபெற்ற, பணியிலுள்ள வணிகர்களும் நிர்வாகிகளும் தன்னார்வத்துடன் வழிகாட்டுகின்றனர். சந்திப்புகளுக்குக் கட்டணம் இல்லை. பகிரப்படும் செய்திகளின் இரகசியம் காக்கப்படும். இணையவழியிலும் சந்திக்கலாம்.

நியூ ஜெர்சி சிறுதொழில் மேம்பாட்டு மையங்கள்: ரட்கர்ஸ் பல்கலைக்கழக வணிகப் பள்ளியைத் தலைமையிடமாகக் கொண்ட இம்மையங்களில், கடன் விண்ணப்பம், தொழில் திட்டம், வரவுசெலவுக் கணிப்பு ஆகியவற்றில் தனிப்பட்ட ஆலோசனை கட்டணமின்றிக் கிடைக்கிறது.

டை: சிலிக்கான் பள்ளத்தாக்கில் 1992இல் இந்தியத் துணைக்கண்டத்தைச் சேர்ந்த தொழில்முனைவோர் உருவாக்கிய அமைப்பு. தொழில்நுட்ப நிறுவனம் தொடங்குவோர்க்கு இது ஏற்றது.

முதல் சந்திப்புக்கு முன்

பின்வருவனவற்றைக் கையில் வைத்திருப்பது நேரத்தை மிச்சப்படுத்தும்:

• தொழிலைப் பற்றிய ஒருபக்கக் குறிப்பு
• கையிருப்புத் தொகை, கடன்கள் பற்றிய உண்மையான கணக்கு
• விற்பனையே இல்லாவிட்டாலும் மாதந்தோறும் ஆகும் செலவு
• கையொப்பமிடப்படாத வாடகை ஒப்பந்தத்தின் நகல்
• விடை வேண்டும் மூன்று வினாக்கள்

கடனையோ இழப்பையோ மறைத்தால் வழிகாட்டலின் பயன் கெடும். ஒருமுறை சந்தித்ததோடு நில்லாமல், கடை திறந்த பின்னரும் மாதக் கணக்குடன் அவரைச் சந்தித்து வருதல் நன்று. ஒரு வழிகாட்டி பொருந்தாவிடில், வேறொருவரைக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

வழிகாட்டியின் எல்லை

வழிகாட்டி வழக்கறிஞர் அல்லர், கணக்காய்வாளரும் அல்லர். எவ்வினாவை வழக்கறிஞரிடம் எழுப்ப வேண்டும் என்பதை அவர் உணர்த்துவார். ஒப்பந்தத்தை ஆராய்ந்து சட்டக் கருத்துரைப்பது வழக்கறிஞரின் பணியே. பணி விசாவில் இருப்போரும் அவர்தம் துணைவரும், தொழில் நடத்தத் தங்கள் விசா இடந்தருகிறதா என்பதைக் குடிவரவு வழக்கறிஞரிடம் முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

இறுதி முடிவு தொழில்முனைவோருடையதே. வழிகாட்டியைச் சந்தித்த பின் கடை திறக்காமல் விடுவதும் தோல்வியன்று. பொருந்தாத ஒப்பந்தத்தைக் கையொப்பமிடாமல் திருப்பித் தந்த குடும்பம், தன் சேமிப்பைக் காத்துக்கொண்டு, வேறு இடத்தில் மீண்டும் முயலலாம்.